ஒரு நிமிட வெள்ளை

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வருகிற பெண்கள் எங்கள் பக்கம் மூன்று கேள்வி கேட்பார்கள். "வலிக்குமா?" "ஆம்பள டாக்டர் யாரும் வருவாகளா?" மூன்றாவதை எல்லோரும் கேட்பதில்லை. நாலு இடத்தில் வைத்தியம் பார்த்துக் காசைத் தொலைத்தவர்கள்தான் கேட்பார்கள். "இது தப்பாச் சொல்லிராதுல்ல சிஸ்டர்?"

முதல் இரண்டுக்கும் ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். மூன்றாவதுக்கு முடியாது. தப்பாகச் சொல்லும். இல்லாததை இருக்கிறது என்றும் சொல்லும், இருப்பதை இல்லை என்றும் சொல்லும். எந்தத் தப்பு எவ்வளவு வரும், வந்தால் அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துகொண்டு வாயைத் திறப்பதுதான் இந்த வேலையில் முக்கால் பங்கு. மிச்சம் கால் பங்குதான் ஸ்பெகுலமும் பஞ்சும்.

நான் ஸ்டாஃப் நர்ஸ். வருசநாட்டு மலையடிவாரத்தில், கடமலைக்குண்டு–மயிலாடும்பாறை ஒன்றியத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் என் உத்தியோகத்தின் பெரும்பகுதி போனது. இந்தப் பரிசோதனை எங்களுக்கு மற்ற மாவட்டங்களுக்கு முன்பே வந்துவிட்டது. உலக வங்கிக் கடனில் நடந்த தமிழ்நாடு ஹெல்த் சிஸ்டம்ஸ் ப்ராஜெக்ட் 2007-இல் சோதனை முயற்சியாக இரண்டே மாவட்டங்களை எடுத்தது. ஒன்று தஞ்சாவூர், இன்னொன்று தேனி. 30 வயதிலிருந்து 60 வயது வரை உள்ள பெண்கள் எல்லோரையும் பார்ப்பது என்று திட்டம். 2012-இல் அது மாநிலம் முழுவதும் விரிந்தது.

அதற்கு முன்பு பரிசோதனை என்றால் பாப் ஸ்மியர் ஒன்றுதான். கர்ப்பப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி, கண்ணாடித் தகட்டில் தடவி, உடனே ஆல்கஹாலில் போட்டு, அதைப் படிக்கத் தெரிந்தவர் இருக்கும் ஊருக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் அந்தப் பெண் இலவங்காய் உடைக்கவோ முந்திரி பொறுக்கவோ மலைக்குப் போயிருப்பாள். மேலை நாடுகளில் பாப் ஸ்மியர் இந்தப் புற்றுநோயை வெகுவாகக் குறைத்தது உண்மைதான். ஆனால் ஒரே ஒரு ஸ்மியரின் கூர்மையால் குறையவில்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, முற்றிய முன்நிலை மாற்றம் உள்ள பெண்களில் ஏறக்குறையப் பாதிப் பேரைத்தான் ஒரு ஸ்மியர் பிடித்தது. அங்கே அதே பெண்ணை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை, ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த நோய் முன்நிலையிலிருந்து புற்றாக மாறப் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் எடுத்துக்கொள்வதால், முதல் தடவை நழுவியது அடுத்த தடவை மாட்டிக்கொண்டது. ஒருமுறை வந்தவள் மறுமுறை வருவாளா என்றே தெரியாத ஊரில் அந்தக் கணக்கு செல்லாது.

அதனால்தான் எங்கள் கையில் அசிட்டிக் அமிலத்தைக் கொடுத்தார்கள். ஊர் வழக்கில் வினிகர் டெஸ்ட். ஆங்கில எழுத்துகளைச் சுருக்கி நாங்கள் சொல்வது வி.ஐ.ஏ. அதற்கு மேல் அயோடின் தடவிப் பார்ப்பது விலி. மைக்ராஸ்கோப் வேண்டாம், லேப் வேண்டாம், முடிவு அந்த இடத்திலேயே தெரியும். பார்க்கிற கருவி நர்ஸின் கண்.

கண் கருவியாக இருந்தால் என்னென்ன வேண்டும் என்பதைச் சொல்கிறேன். காலையில் முதல் வேலை மருந்து கலக்குவது. 5 மில்லி செறிவான அசிட்டிக் அமிலம், 95 மில்லி காய்ச்சி வடித்த நீர். அன்றைக்குக் கலந்தது அன்றைக்கு மட்டும். மூடியைத் திறந்து திறந்து மூடினால் வீரியம் போய்விடும். பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் வர வேண்டிய வெள்ளை வராது. அளவு கூடினால் வேறு ஆபத்து, தோலைச் சுட்டுவிடும். அதனால் ஒருத்தி ஊற்ற இன்னொருத்தி அளவைப் பார்க்க வேண்டும் என்று நாங்களே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். லூகால்ஸ் அயோடினைக் கறுப்புக் குப்பியில், வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும்.

அப்புறம் விளக்கு. மஞ்சள் பல்பின் கீழே வெள்ளைத் திட்டு சாயம் மங்கித் தெரியும். நீலம் பாய்ந்த எல்.இ.டி. டார்ச்சில் எல்லாமே வெளுத்துத் தெரியும். மின்வெட்டு உச்சத்தில் இருந்த வருடங்களில், ஹாலஜன் விளக்கு எரியும் மணி நேரத்தை வைத்துத்தான் பெண்களை வரச் சொல்வோம். டார்ச் அடித்துப் பார்த்து 'நெகட்டிவ்' என்று எழுதுவதைவிட, "நாளைக்குக் காலைல வாங்கக்கா" என்று சொல்வது மேல். அப்படி அனுப்பினால் வராமலே போய்விடுவார்களோ என்ற பயமும் இருக்கும். அந்த இரண்டில் எது குறைந்த தப்பு என்று அன்றைக்கு அன்றைக்கு முடிவு செய்தோம்.

மருந்தைத் தடவிய பிறகு ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். அமிலம் பட்டதும் செல்லுக்குள் இருக்கும் புரதம் தற்காலிகமாக உறையும். மாறிப்போன செல்களில் உட்கரு பெரிது, புரதம் அதிகம். அந்த இடம் ஒளியை உள்ளே விடாமல் திருப்பி அடிக்கும். அதுதான் வெள்ளை. பிரச்சினை என்னவென்றால், சாதாரண அழற்சியிலும் வெள்ளை வரும். அது சட்டென்று வந்து சட்டென்று போகும், ஓரம் கலைந்திருக்கும், அங்கங்கே சிதறி இருக்கும். நாங்கள் தேடும் வெள்ளை கொஞ்சம் தாமதமாகத் திரண்டு நிற்கும், ஓரம் வெட்டினாற்போல் இருக்கும். கர்ப்பப்பை வாயில் வெளித்தோலும் உள்தோலும் சந்திக்கும் வரம்பை ஒட்டி இருக்கும். வரம்பைத் தொடாத வெள்ளையைப் பார்த்து மிரளக் கூடாது.

படுத்திருக்கும் பெண்ணுக்கு அந்த ஒரு நிமிடம் பெரிய நேரம். கூச்சம், குளிர்ச்சி, லேசான எரிச்சல். "ஆச்சா சிஸ்டர்? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். நான் பேச்சுக் கொடுப்பேன். "இந்த வருசம் பீன்ஸு என்ன வெலக்கா போச்சு?" வருசநாட்டில் இதைவிட நீளமான பேச்சை யாராலும் தொடங்க முடியாது. வியாபாரி, கமிஷன், காட்டுப்பன்றி என்று அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நொடி முள் ஒரு சுற்று வந்துவிடும். கையிலிருக்கும் வேலை முப்பது நொடியில் முடிந்துவிட்டதாகத் தோன்றும். அந்த மாதம் இத்தனை பேரைப் பார்த்தாக வேண்டும் என்று மேலிருந்து கேட்கும்போது இன்னும் சீக்கிரம் முடிந்துவிட்டதாகத் தோன்றும். டார்கெட் முதலில் தின்பது இந்த ஒரு நிமிடத்தைத்தான்.

அயோடின் அடுத்தது. ஆரோக்கியமான தோலில் கிளைகோஜன் இருக்கும், அயோடினைக் குடித்துக் கறுத்த பழுப்பாகிவிடும். மாறிய இடத்தில் கிளைகோஜன் இருக்காது. அங்கே மட்டும் அரைத்த கடுகுபோல் மஞ்சளாக நிற்கும். வெள்ளையில் சந்தேகம் வந்த இடத்தில் மஞ்சள் பல தடவை தீர்த்து வைத்திருக்கிறது.

சரி, இவ்வளவும் ஒழுங்காகச் செய்தால் எவ்வளவு நம்பலாம்? இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த 11 ஆய்வுகளைச் சேர்த்து 2008-இல் வெளியான கணக்கு ஒன்று உண்டு. முற்றிய முன்நிலை மாற்றமோ புற்றோ உள்ள 100 பெண்களில் வி.ஐ.ஏ. 79 பேரைப் பிடித்தது, விலி 91 பேரை. நோய் இல்லாத 100 பேரில் இரண்டுமே 85 பேரைச் சரியாக 'இல்லை' என்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து பார்ப்போம்.

1,000 பெண்கள் வருகிறார்கள், அவர்களில் 20 பேருக்கு உண்மையில் மாற்றம் இருக்கிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். வி.ஐ.ஏ. அந்த 20 பேரில் சுமார் 16 பேரைப் பிடிக்கும். நாலு பேர் 'ஒன்றுமில்லை' என்று வீட்டுக்குப் போவார்கள். மிச்சம் 980 பேரில் நூற்றுக்குப் பதினைந்து என்றால் 147 பேருக்கு வெள்ளை தெரியும். ஆக, 'பாசிட்டிவ்' என்று நான் சீட்டு எழுதிக் கொடுக்கும் 163 பேரில் நோய் இருப்பவர்கள் 16 பேர். பத்தில் ஒருத்தி. பரிசோதனை நன்றாக வேலை செய்யும்போதே நிலவரம் இதுதான். இந்தக் கணக்கைப் பயிற்சியில் ஒருவர் கரும்பலகையில் போட்டுக் காட்டிய நாளிலிருந்து, 'பாசிட்டிவ்' என்ற சொல்லைப் பெண்கள் முன்னால் சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

நகரத்தில் ஒன்பது பேர் வீணாக அலைந்தால் ஆட்டோக் காசு போகும். வருசநாட்டில் போவது வேறு. வாலிப்பாறைப் பக்கமோ அரசரடிப் பக்கமோ உள்ள பெண் கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கால்போஸ்கோபிக்கு க.விலக்கு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால், ஜீப்பைப் பிடித்து, பஸ்ஸைப் பிடித்து, ஒரு நாள் கூலியை விட்டு, துணைக்கு இன்னொருவரின் கூலியையும் விட்டுப் போக வேண்டும். போன அன்றே வேலை முடியும் என்றும் இல்லை. கூலியைவிடப் பெரிய செலவு வீட்டில் நடக்கும். "கர்ப்பப்பைல என்னமோ இருக்காம்" என்ற ஒரு வார்த்தை போதும், மாமியார் ஒன்று சொல்வாள், புருஷன் வேறொன்று நினைப்பான்.

அவரைத் தோட்டம் வைத்திருந்த ஓர் அக்காவுக்கு அப்படித்தான் வெள்ளை தெரிந்தது. வரம்பை ஒட்டித்தான் இருந்தது, மஞ்சளும் நின்றது. மேலே பார்த்தே ஆக வேண்டும் என்று அனுப்பினேன். சதை எடுத்துப் பார்த்ததில் வெறும் அழற்சி. திரும்பி வந்து என் மேஜை முன்னால் நின்றார். "சும்மா அலைய விட்டுட்டியே தாயி. பதினஞ்சு நாளா சோறு எறங்கல."

"அலைய விட்டது வாஸ்தவந்தான்க்கா. ஆனா இல்லைன்னு தெரிய வேற வழி இல்ல."

"அத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல? பத்துல ஒருத்திக்குத்தான் இருக்கும்னு?"

அன்றைக்கே சொல்லியிருந்தேன். ஆனால் பயந்துபோன காதில் ஒரு தடவை சொன்னது ஏறாது. அதன் பிறகு இரண்டு தடவை சொல்லுவேன். பரிசோதனை முடிந்து துணி கட்டிய பிறகு ஒரு தடவை, கூட வந்தவரை உள்ளே அழைத்து வைத்துக்கொண்டு இன்னொரு தடவை. "இது நோய் இருக்குன்னு சொல்ற டெஸ்ட் இல்ல. மேல பாக்கணுமா வேணாமான்னு சொல்ற டெஸ்ட். பாத்தா பெரும்பாலும் ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் இப்பவே எடுத்துரலாம்." அனுப்பிய பெண்கள் க.விலக்குக்குப் போய்ச் சேர்வது இந்த நாலு வரியால் கூடியது என்பது என் அனுபவம். பாதி வழியில் நின்றுவிட்டவளுக்கு வி.ஐ.ஏ. பிடித்ததும் ஒன்றுதான், பிடிக்காததும் ஒன்றுதான்.

மறுபக்கத்துத் தப்பு இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது சத்தம் போடாது. மாதவிடாய் நின்று வருடங்கள் ஆன ஒரு பெரியம்மா சுகர் மாத்திரை வாங்க வந்தவர், பேச்சோடு பேச்சாக, துணியில் அப்பப்போ ரத்தக் கறை படுகிறது என்றார். பார்த்தேன். வெள்ளை இல்லை. அந்த வயதில் தோல் சந்திக்கும் வரம்பு கர்ப்பப்பை வாயின் உள் துவாரத்துக்குள் ஏறிப் போயிருக்கும், வெளியே எவ்வளவு தடவினாலும் தெரியாது. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வி.ஐ.ஏ. நம்பத்தக்கதல்ல என்பதற்குக் காரணம் இதுதான். பதிவேட்டில் 'நெகட்டிவ்' என்று எழுதிவிட்டு, அவரை அன்றைக்கே மேலே அனுப்பினேன். ரத்தம் பட்டால் பரிசோதனையின் பதிலுக்கு மதிப்பில்லை. ஸ்கிரீனிங் என்பது தொந்தரவு ஏதும் இல்லாதவர்களுக்கு. பெரியம்மாவுக்கு உள்ளே புற்று இருந்தது. மதுரையில் கதிர்வீச்சு வைத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் என்னிடம்தான் சுகர் மாத்திரை வாங்கினார்.

இந்த வேலைக்குப் பலன் உண்டா என்ற சந்தேகம் எங்களுக்கே வரும்போது, பக்கத்து மாவட்டத்தை நினைத்துக்கொள்வோம். திண்டுக்கல் மாவட்டத்தில் 114 ஊராட்சிகளை இரண்டாகப் பிரித்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்டியன் ஃபெலோஷிப் சமுதாய சுகாதார மையமும், சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டும், உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பும் சேர்ந்து நடத்தியது. 2000-இல் தொடங்கி 31,343 பெண்களுக்கு நர்ஸுகளே வி.ஐ.ஏ. செய்தார்கள், தேவைப்பட்டவர்களுக்குக் உறையவைத்து அழிக்கும் சிகிச்சையையும் நர்ஸுகளே செய்தார்கள். 2007-இல் லான்செட் இதழில் முடிவு வந்தது: பரிசோதனை நடந்த பகுதியில் புதிதாகப் புற்று வருவது 25 சதவீதமும், அதனால் சாவது 35 சதவீதமும் குறைந்திருந்தது. முப்பதுகளில் இருந்த பெண்களுக்குத்தான் அதிகப் பலன். மிச்ச 57 ஊராட்சிகளில் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட பெண்களுக்கு இது நியாயமா என்று பின்னாளில் மருத்துவ அறநெறி இதழ்களில் கடுமையான விவாதம் நடந்தது. அந்தக் கேள்வி சரியானது. நான் இன்றைக்கு நம்பிச் செய்யும் வேலையின் ஆதாரத்தில் அந்தப் பெண்களின் பங்கும் இருக்கிறது.

அதே சமயத்தில் மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் 1,31,746 பெண்களிடம் நடந்த ஆய்வு வேறு பதில் சொன்னது. அங்கே வி.ஐ.ஏ. செய்த குழுவில் சாவு குறிப்பிடும்படி குறையவில்லை. இந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைத் தேடும் மரபணுப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்த குழுவில், முற்றிய புற்றும் சாவும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. அதில் என்னைத் தூங்கவிடாத வரி இன்னொன்று. 'நெகட்டிவ்' என்று அனுப்பப்பட்ட பெண்களைப் பல வருடங்கள் தொடர்ந்து பார்த்தபோது, வி.ஐ.ஏ.-வில் நெகட்டிவ் ஆனவர்களிடம் புற்று வந்த விகிதம், எச்.பி.வி.-யில் நெகட்டிவ் ஆனவர்களைவிட நாலு மடங்குக்கு மேல். அமிலம் ஒன்றுதான், ஆனால் திண்டுக்கல் நர்ஸுகளின் கண்ணுக்கு நூற்றுக்குப் பத்துப் பேரிடம் வெள்ளை தெரிந்தது, உஸ்மானாபாத்தில் பதினாலு பேரிடம். ஊருக்கு ஊர், கைக்குக் கை மாறுகிற ஒன்றைச் சதவீதமாகச் சொல்லும்போது, அது யாருடைய கண் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அந்த 79 சதவீதமேகூடக் கொஞ்சம் தாராளக் கணக்கு என்று சொல்லும் நிபுணர்கள் உண்டு. நோய் இருக்கிறதா இல்லையா என்று தீர்ப்புச் சொன்ன கால்போஸ்கோபியும் இதே அமிலத்தைத் தடவி இதே வெள்ளையைத்தான் தேடுகிறது. இரண்டு பரிசோதனையும் ஒரே இடத்தில் குருடாக இருந்தால், இரண்டும் ஒத்துப்போவதைச் சரி என்று எண்ணிவிடுவோம்.

உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வழிகாட்டுதலை மாற்றியது. இயன்ற இடங்களில் முதல் பரிசோதனையாக எச்.பி.வி. மரபணுப் பரிசோதனை, 30 வயதில் தொடங்கி, ஐந்து முதல் பத்து வருடத்துக்கு ஒரு தடவை. இந்தப் பரிசோதனைக்கு என் கண் வேண்டாம், விளக்கு வேண்டாம், ஒரு நிமிடமும் வேண்டாம். பெண்ணே குச்சியை உள்ளே விட்டு மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். கூச்சத்தால் வராதவர்களுக்கு இது பெரிய வசதி. முற்றிய மாற்றம் உள்ளவர்களில் மிகச் சிலரைத்தான் அது விடும். காசநோய்க்குச் சளி பார்க்கும் ட்ரூநாட் இயந்திரத்திலேயே எச்.பி.வி. பார்க்கும் சிப்பும் வந்துவிட்டது.

ஆனால் அதுவும் தப்பாகச் சொல்லும், வேறு விதத்தில். வைரஸ் இருப்பது வேறு, நோய் இருப்பது வேறு. இந்தத் தொற்று வாழ்நாளில் பெரும்பாலானோருக்கு வந்து, பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானாகவே போய்விடும். இளவயதில் பார்த்தால் வீணான பயம்தான் மிஞ்சும், அதனால்தான் முப்பது வயது வரம்பு. உறவின் வழியாகப் பரவும் வைரஸ் என்ற செய்தி ஒரு வீட்டுக்குள் எப்படிப் போய் இறங்கும் என்பதற்கு எந்தச் சதவீதமும் கிடையாது. முடிவு வர நாளாகும். சிக்னல் இல்லாத மலைக் குடியிருப்புக்கு அந்த முடிவைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? கண்ணிலிருந்து விலகிய தப்பு, குப்பியில் ஒட்டிய பெயருக்கும் போன் நம்பருக்கும் இடம் மாறும். இயந்திரம் வரட்டும், நான் வரவேற்கிறேன். கூடவே அந்தப் பெயரைத் தேடிப் போக ஓர் ஆளும் வர வேண்டும்.

2019–21-இல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் ஒருமுறையாவது இந்தப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம், இந்தியா முழுக்க 1.9 சதவீதம். தமிழ்நாடு முன்னால் நிற்பதற்குத் தேனியும் தஞ்சாவூரும் முதலில் போட்ட பாதையும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கணக்கின்படி பத்தில் ஒன்பது பேர் கதவைத் தாண்டியிருக்கவில்லை. வந்து போனவள் பக்கத்து வீட்டில் என்ன சொல்கிறாள் என்பதை வைத்துத்தான் அவர்கள் வருவார்கள். அலைய விட்டார்கள் என்று சொல்கிறாளா, அப்போதே ஒளிக்காமல் சொன்னார்கள் என்று சொல்கிறாளா?

புதிதாக வேலைக்குச் சேரும் பெண்கள் என்னிடம் முதலில் வெள்ளைத் திட்டின் படங்களைக் கேட்கிறார்கள். காட்டுகிறேன். கூடவே ஒன்றுமில்லை என்று தெரிந்த பெண்ணிடம் என்ன பேச வேண்டும் என்பதையும் மனப்பாடம் செய்யச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் பார்க்கப் போகும் பெண்களில் பெரும்பாலோர் அப்படிப்பட்டவர்கள்தான். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, போங்க" என்று சொல்லக் கூடாது. "இன்னைக்குப் பாத்ததுல எனக்கு ஒண்ணும் தெரியலக்கா. இந்த டெஸ்ட்டு சிலதை விட்டுரும். அதனால அஞ்சு வருசம் கழிச்சு திரும்ப வரணும், தேதிய இந்தச் சீட்டுல எழுதிருக்கேன். நடுவுல உறவுக்கு அப்புறம் ரத்தம் பட்டாலோ, நின்ன பெறகு ரத்தம் பட்டாலோ, வாடையோட வெள்ளை பட்டாலோ, இந்தச் சீட்டுல என்ன எழுதிருக்குன்னு பாக்காதீங்க. அடுத்த பஸ்ஸுக்கே வாங்க." இதைச் சொல்ல அரை நிமிடம் ஆகும். அதையும் பரிசோதனை நேரத்தில் சேர்த்துக் கணக்கு வையுங்கள் என்பேன்.